காசும் மனமும் சனமும்: வாசிகசாலை வாங்கில் கேட்ட கேள்விகள்

வங்கி ஒன்றின் அடகுப் பகுதியில் 22 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு காலையில் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்கப் போவது வழக்கம். பேப்பரை விரித்து ஐந்து நிமிடம் ஆகாது, "அண்ணை, ஒரு சின்னச் சந்தேகம்" என்று யாராவது வாங்கில் வந்து குந்துவார்கள். அப்படித் தொடங்கிய சந்தேகம் ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை. ஒரே பதிலை ஒன்பது தரம் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

காசு விசயம் எண்டால் கணக்குத்தானே அண்ணை, இதுக்குள்ள மனசு எங்க வந்தது?

வெறும் கணக்கு என்றால், யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை எங்கள் கவுண்டரில் வரிசை நின்றிருக்காது. சித்திரையில் அடகு வைத்த சங்கிலியை வட்டியோடு காசு கட்டி மீட்பார்கள். அதற்கென்று வேறு யாரிடமாவது கைமாற்று வாங்கியும் வருவார்கள். இருபத்தைந்து நாள் திருவிழா முடிந்த கிழமை அதே சங்கிலி திரும்ப வரும். ஒருமுறை தராசில் வைத்த சங்கிலியின் கொக்கியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதைத் துடைக்க, கொண்டுவந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தபடி, "தேருக்கு வெறுங்கழுத்தோட போக ஏலுமோ தம்பி?" என்றார். அந்தக் கேள்விக்கு வட்டி அட்டவணையில் பதில் இல்லை.

அத்தனை வருடத்திலும் மடைத்தனத்தால் காசை விட்ட ஆட்களை நான் கண்டது குறைவு. பிழையாகத் தெரியும் பழக்கங்களில் அரைவாசிக்கு மேல் ஒருகாலத்தில் சரியாக இருந்தவை. காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. கீழே உள்ள பதில்கள் பலவும் இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

சம்பளக் காசு கையில நிக்குது. மாமா அனுப்புற காசு மட்டும் ஏன் தண்ணி மாதிரிப் போகுது?

மனசு எல்லாக் காசையும் ஒரே கொப்பியில் எழுதுவதில்லை. உழைத்தது ஒரு கொப்பி, சும்மா வந்தது இன்னொரு கொப்பி, சீட்டில் விழுந்தது வேறொரு கொப்பி. ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார். 2017இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பத்து ரூபா குறைக்கச் சொல்லி நிற்கிற அதே ஆள், வெளிநாட்டுக் காசு வந்த அன்று விலை கேட்காமல் போன் வாங்குவார். இரண்டும் ஒரே ஆயிரம் ரூபாத் தாள்தான். மனசு ஒத்துக்கொள்ளாது.

யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டுக் காசு புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே எங்கள் ஆட்கள் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் போய் மணியோடர் அனுப்பினார்கள். அந்தக் காசில் கட்டிய கல்வீடுகள் இன்றும் சில ஊர்களில் நிற்கின்றன. ஆனால் மணியோடர் வரும்போதே அதற்கு ஒரு பெயர் இருந்தது: இது காணிக்கு, இது தங்கச்சிக்கு, இது தம்பியின் படிப்புக்கு. இப்போது வருகிற காசுக்குப் பெயர் இல்லை. வந்த அன்றே அதற்கு ஒரு பெயர் வையுங்கள். பாதியை அன்றைக்கே நிலையான வைப்பிலோ எடுக்கச் சிரமமான ஒரு கணக்கிலோ போட்டுவிடுங்கள். இரண்டு நாள் கையில் இருந்தால் அது "சும்மா வந்த காசு" ஆகிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால் எனக்கு ஏன் நித்திரை வருகுதில்லை?

அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால்தான். கொழும்பில் ஒரு கோடீஸ்வரர் பத்து மாடி கட்டினாலும் உங்களுக்கு நித்திரை வரும். மனிதர் தன்னைத் தன்னைப்போன்ற ஆளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார். ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஒழுங்கை, ஒரே கோயில். அவருக்கு மாடி, எனக்கு ஓடு. குத்துவது அதுதான்.

முன்பு ஒப்பிட ஒரு ஒழுங்கைதான் இருந்தது. இப்போது குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குள் ரொறன்ரோவும் சூரிச்சும் இருக்கின்றன. அங்கிருந்து கார்ப் படம் வரும். அந்தக் காருக்குக் கட்டும் மாதத் தவணையின் படம் வராது. இன்னொன்று, மாடி கட்டினவருக்கும் அந்தச் சந்தோசம் நிலைக்காது. பழகப் பழகப் பாலும் புளிக்கும். எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் மேல்மாடி இன்று தேங்காயும் பழைய மெத்தையும் போட்டுவைக்கிற இடம்.

பவுண் வாங்கி வைக்கிறது நல்லதோ, பாங்கில போடுறது நல்லதோ?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. முதலில் ஏன் எங்கள் சனத்துக்குப் பவுணில் இவ்வளவு நம்பிக்கை என்று பார்க்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தது. மழை. காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வீட்டைத் தூக்க முடியாது, பாஸ் புத்தகத்தைக் காட்டினால் காசு தர வங்கி திறந்திருக்கவில்லை. அம்மாவின் இடுப்பில் சீலைத் துண்டில் முடிந்திருந்த தாலிக்கொடிதான் போய்ச் சேர்ந்த தென்மராட்சியில் எங்களுக்கு மூன்று மாதம் சோறு போட்டது. அதைக் கண்ட ஒரு தலைமுறைக்குப் போய் "பவுண் வட்டி தராது" என்று வகுப்பெடுப்பது சரியல்ல. 2022இலும் அவர்கள் சொன்னதுதான் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனபோது பவுண் விலையும் கூடவே ஏறியது. வங்கியில் கிடந்த ரூபாவின் பெறுமதி கரைந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 வீதம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போகும். விற்கும்போது அவை திரும்ப வராது. நகைக்கடைகள் உள்ள கஸ்தூரியார் வீதியில் வாங்கிய பதக்கத்தை ஆறு மாதத்தில் அதே வீதியில் விற்றுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சேமிப்புக்கென்றால் கல்லுப் பதித்த நகை வேண்டாம், பவுண் காசாகவோ வேலைப்பாடு குறைந்த காப்பாகவோ வாங்குங்கள். வீட்டில் வைத்தால் கள்ளப் பயம், லொக்கரில் வைத்தால் வாடகை.

என் கணக்கு இதுதான்: ஆறு மாதச் செலவுக்கான காசு வங்கியில், அவசரத்துக்கு உடனே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால், வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. 2021க்கு முன் அது 6 இலட்சமாக இருந்தது. அதைவிடக் கூட இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதில் ஒரு பங்கு பவுண். எல்லாவற்றையும் பவுணாக்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதையே அடகு வைத்து வட்டி கட்டியவர்களை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

சீட்டுக் கட்டலாமோ? மகன் அது பழைய காலத்து வேலை எண்டு சிரிக்கிறான்.

மகன் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இருபது பேர், மாதம் பத்தாயிரம், கழிவுச் சீட்டு என்று வைப்போம் (ஒவ்வொரு மாதமும் கூடக் கழிவு கூறுகிறவர், கழிவு போக மிச்சக் காசை எடுப்பார்). மொத்தம் 2 இலட்சம். முதல் மாதமே அவசரம் என்று ஒருவர் 40,000 கழிவு கூறி எடுக்கிறார். அந்தக் கழிவு இருபது பேருக்கும் பிரிய, அந்த மாதம் ஆளுக்கு 8,000 கட்டினால் போதும். எடுத்தவர் கையில் 1,60,000. தன் 8,000ஐக் கழித்தால் 1,52,000. மிச்சம் 19 மாதமும் கழிவு சராசரியாக 20,000 என்றால் மாதம் 9,000 வீதம் 1,71,000 கட்டுவார். கூடக் கட்டியது 19,000. வருட வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 15 வீதம். கடைசியாக எடுப்பவர் மொத்தம் 1,79,000 கட்டி 2 இலட்சம் எடுப்பார். அவருக்கும் வருடத்துக்கு அதேயளவு இலாபம். ஒருவரின் கழிவு மற்றவரின் வட்டி. நடுவில் பத்திரம் இல்லை, பிணை இல்லை, முத்திரைச் செலவு இல்லை.

சீட்டின் பலம் கணக்கில் மட்டும் இல்லை. இந்த மாதம் கட்டாவிட்டால் சீட்டுப் பிடிக்கிற அக்கா சந்தையில் வைத்துக் கேட்பா. அந்த வெட்கம்தான் சேமிக்க வைக்கிறது. வங்கிக் கணக்குக்கு வெட்கம் கிடையாது. "சனம் என்ன சொல்லும்" என்ற பயம் எங்களைக் கெடுக்கிற இடங்கள் பல உண்டு. நன்மை செய்கிற ஒரே இடம் இதுதானோ என்று நான் நினைப்பதுண்டு.

பலவீனமும் அங்கேதான். சீட்டுப் பிடிக்கிறவர் ஒருநாள் விடிய வெளிநாடு போய்விட்டால் கையில் ஒன்றும் இருக்காது. தெரிந்த ஆளாக, ஊரில் காணி பூமி உள்ளவராக, ஒரே நேரத்தில் ஐந்து சீட்டுப் பிடிக்காதவராகப் பாருங்கள். கட்டியதைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நூறு பேர் சேர்ந்த சீட்டு என்றால் அது சீட்டில்லை, தூரப் போங்கள்.

லீசிங்காரர் 15 வீத வட்டி எண்டார். நண்பன் அது 26 வீதம் எண்டுறான். ஆர் பொய் சொல்லுறது?

இருவருமே பொய் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு 3 இலட்சம், மூன்று வருடம், 15 வீதம். கம்பனி முழு 3 இலட்சத்துக்கும் மூன்று வருடமும் வட்டி போடும்: 1,35,000. மொத்தம் 4,35,000, மாதத் தவணை ஏறக்குறைய 12,083. ஆனால் நீங்கள் மாதம் மாதம் முதலையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். மூன்றாவது வருடத் தொடக்கத்தில் உங்கள் கையில் உண்மையில் நிற்கிற கடன் ஒரு இலட்சத்துக்கும் கொஞ்சம் கூட. வட்டி மட்டும் இன்னும் 3 இலட்சத்துக்குத்தான் ஓடுகிறது. குறைந்து வரும் மிகுதிக்குக் கணக்குப் பார்த்தால் 26 வீதம் வரும்.

"குறைஞ்சு வாற வட்டியோ, நிரந்தர வட்டியோ?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கவுண்டரில் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகம் கொஞ்சம் மாறும்.

கஷ்டப்பட்ட சனம்தான் கடனுக்கு மேல கடன் வாங்குது. படிப்பில்லாததால தானே?

இதைக் கேட்டவர் ஒரு படித்த மனிதர் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் ஒரு ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். கரும்பு வெட்டிக் காசு வருவதற்கு முன்பும், வந்த பின்பும் அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் பரீட்சை வைத்தார்கள். காசு வந்த பிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். அறுவடைக்கு முன் மூளையில் ஒரு பகுதி நாளைய செலவைச் சமாளிப்பதிலேயே கட்டுண்டு கிடக்கிறது. படிப்பு இரண்டு தரமும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான்.

போர் முடிந்து 2009க்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் வடக்கில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்தன. கிழமைக்குக் கிழமை வசூல், கடன் எடுத்த பெண்கள் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. வசூல்காரன் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவான் என்றால், திங்கள் இரவு அந்தத் தாயின் யோசனை முழுக்க அடுத்த நாள் பத்து மணியில்தான் நிற்கும். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பாள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போனது. ஆகவே, அப்படி ஒரு கடனில் இருப்பவருக்குப் புத்தி சொல்ல முதல் அந்தக் கிழமைத் தவணையை மாதத் தவணையாக மாற்ற ஏலுமா என்று கம்பனியிடம் கேட்க உதவி செய்யுங்கள். மூச்சு விட இடம் கிடைத்தால் கணக்குத் தானாக வரும்.

மகளின்ர சாமத்திய வீட்டைச் சின்னனாச் செய்தால் சனம் கதைக்காதோ?

கதைக்கும். இரண்டு கிழமை கதைக்கும். பெரிதாகச் செய்தாலும் கதைக்கும்; "மண்டபத்தில புரியாணி உப்பில்லை" என்று கதைக்கும். கதைப்பது சனத்தின் பொழுதுபோக்கு, அதை நிறுத்தக் காசால் முடியாது.

மகளின் பூப்பு நீராட்டு விழாச் செலவு எழுதிய கொப்பியோடு ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். மண்டபம், மேடை அலங்காரம், சாப்பாடு, புகைப்படம், வீடியோ, ட்ரோன், பிள்ளைக்கு நான்கு உடுப்பு, பல்லக்கு. பல்லக்குக்கு நேரே பேனையால் இரண்டு தரம் வட்டம் போட்டிருந்தார். "இது ஆர் கேட்டது?" என்றேன். "ஒருத்தரும் கேக்கேல்ல, போன மாசம் அவையள் செய்தவை" என்றார். பிள்ளையைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. பிறகு கேட்டாராம், பிள்ளைக்குப் பல்லக்கில் ஏற வெட்கமாம், டியூசன் பெடியன்கள் பார்ப்பார்களாம்.

என்வலப்பில் வருகிற காசு செலவை மூடும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: அது வருமானம் இல்லை. அவரவர் வீட்டு விசேசத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய, வட்டியில்லாத கடன். பெயர் எழுதி வைக்கிற கொப்பி எல்லா வீட்டிலும் அலுமாரிக்குள் இருக்கிறது. பகட்டுக்குச் செலவழிப்பதைப் பற்றி தோர்ஸ்டைன் வெப்லன் 1899இலேயே எழுதிவிட்டார், அவர் எழுதியது அமெரிக்கப் பணக்காரரைப் பற்றி. அவர்களிடம் காசு இருந்தது. நாங்கள் அடகு வைத்துப் பகட்டுகிறோம், அதுதான் வித்தியாசம்.

சீதனம் எங்கட பண்பாடுதானே? தேசவழமையிலயே இருக்குது.

இருக்கிறது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் வாசித்ததில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். சீதனம் என்றால் பெண்ணின் பங்கு. தாயின் சீதனம் மகள்மாருக்குப் போகும். சீதனம் வாங்கிய பெண்ணுக்குப் பிறகு தாய் தகப்பன் சொத்தில் உரிமை இல்லை. அதாவது அது அவளுடைய முதுசத்தை முன்கூட்டியே கொடுப்பது. மாப்பிள்ளைக்கு வைக்கிற விலை அல்ல.

இன்றைக்குக் கேட்கிற "டொனேசன்" அதற்குள் எங்கும் வராது. மாப்பிள்ளையின் தாய் தகப்பனுக்கோ சகோதரிக்கோ காசாகப் போகிறது. பெண்ணின் பெயரில் ஒரு சதமும் நிற்பதில்லை. காணி என்றால் உறுதியில் பெண்ணின் பெயராவது இருக்கும் (அதையும் உயிரோடு இருக்கும்போது விற்பதென்றால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அது வேறு வழக்கு). முதலாவது பதிலில் சொன்னேனே, ஒருகாலத்தில் சரியாக இருந்த பழக்கம் என்று. பெண்ணுக்குப் பங்கு கொடுத்த பழக்கம் அதே பெயரோடு பெண்ணின் பங்கைப் பிடுங்குகிற பழக்கமாக மாறியிருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பெண்ணின் பெயரில், பெண்ணின் கணக்கில் கொடுங்கள். அதற்கு மாப்பிள்ளை வீடு முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பு உங்களுக்கு ஒரு நல்ல தகவல்.

மகன் பட்டம் முடிச்சு நாலு வருசம். அரசாங்க வேலைதான் வேணுமெண்டு இருக்கிறான். என்ன செய்ய?

"கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்கவேணும்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வீட்டில்தான். கடையும் தோட்டமும் ஒரு இடம்பெயர்வில் போனபோதும் மாதச் சம்பளமும் பென்சனும் வந்த வீடுகள் தப்பின. அதனால் அந்தப் பழமொழி பிழையில்லை. நாலு வருடம் சும்மா இருந்ததற்கு ஒருவரும் விலை போடாததுதான் பிழை. மாதம் நாற்பதாயிரம் உழைத்திருந்தாலும் நாலு வருடத்தில் 19 இலட்சத்துக்கு மேல். விண்ணப்பத்தைப் போடட்டும், பரீட்சையும் எழுதட்டும், ஆனால் வேலை செய்துகொண்டு எழுதட்டும். கலியாணச் சந்தையில் அரசாங்க மாப்பிள்ளைக்குக் கூட மதிப்பு என்பதும் இந்தக் காத்திருப்புக்குள் ஒளிந்திருக்கிறது. முந்தின கேள்வியைப் பார்க்கவும்.

எங்கட ரியூசன் மாஸ்ரரே சேர்ந்திருக்கிறார். மூண்டு மாசத்தில காசு இரட்டிப்பு. அவரே சொன்னால் சரிதானே?

மாஸ்ரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு தரம் காசு வந்திருக்கும். பிந்திச் சேர்ந்தவரின் காசுதான் முந்திச் சேர்ந்தவருக்கு இலாபமாகப் போகிறது. ஆள் சேருவது நிற்கிற அன்று எல்லாம் நிற்கும். மரியாதையான ஆட்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்: ஆசிரியர், தாதி, கோயில் சபைத் தலைவர். பிறகு அவர்களின் முகம்தான் விளம்பரம். இப்படி ஆள் சேர்த்து ஓடுகிற பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி தடை. ஆள் சேர்க்கிறவரும் குற்றவாளி என்பது மாஸ்ரருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மற்றவருக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஒருக்கா போட்டேன். வங்கியில் இருந்துகொண்டே. கூட வேலை செய்தவர் சேர்ந்தார், நானும் சேர்ந்தேன், இரண்டு மாதச் சம்பளம் போனது. பொலிசுக்குப் போகவில்லை. வங்கிக்காரன் ஏமாந்தான் என்று சனம் சிரிக்கும் என்ற வெட்கம். அந்த வெட்கத்தை நம்பித்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

ஏஜென்சிக்கு 15 இலட்சம் குடுத்தாச்சு. இப்ப இன்னும் 10 கேக்கிறான். குடுக்காட்டி குடுத்ததும் போயிடுமே?

வெளிநாடு போக ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தது ஏற்கெனவே போய்விட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசும், ஆனால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை. இப்போதுள்ள கேள்வி ஒன்றுதான்: இன்றைக்குத்தான் இவனை முதல்முதல் சந்திக்கிறீர்கள் என்றால், இவனிடம் 10 இலட்சம் கொடுப்பீர்களா? இல்லை என்றால் இப்போதும் கொடுக்க வேண்டாம்.

இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், கிடைப்பதன் சந்தோசத்தைவிட இழப்பதன் வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு. டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதத் தொடங்கிய விசயம் இது. இழந்ததை ஒத்துக்கொள்கிற வலிக்குப் பயந்து இன்னும் பெரிய இழப்புக்குள் இறங்குகிறோம். காணியை ஒற்றி வைத்து 15 கொடுத்தவர், அதை அறுதியாக விற்று 10 கொடுக்கிறார். போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கம் உள்ள முகவரிடம், பற்றுச்சீட்டோடு. பற்றுச்சீட்டுத் தராதவன் கேட்கிற இரண்டாவது தவணை கடைசித் தவணையாக இருந்து நான் கண்டதில்லை.

மச்சான் கடனுக்குப் பிணை நிக்கச் சொல்லுறார். மாட்டன் எண்டால் உறவு முறியும்.

பிணைக் கையெழுத்து மரியாதைக்கு வைக்கிற கையெழுத்து இல்லை. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். நீங்களும் கட்டாவிட்டால் கடன் தகவல் பணியகத்தில், சனம் கிறிப் என்று சொல்கிற இடத்தில், உங்கள் பெயரும் பழுதாகும். நாளைக்கு உங்கள் மகளுக்குப் படிப்புக் கடன் எடுக்கப் போகும்போது அது திரையில் தெரியும்.

உறவு முறிவதைப் பற்றி: பிணை நிற்காமல் முறிந்த உறவுகள் ஒரு கலியாணத்தில் ஒட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். பிணை நின்று, கட்டிக் கொடுத்து முறிந்தவை செத்த வீட்டில்கூட ஒட்டவில்லை. ஏலுமானால் திரும்பி வராது என்று மனசில் எழுதிவிட்டு, தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். "மனுசி விடுகுதில்லை" என்று சொல்வதும் பழைய, நல்ல வழி. என் மனைவி அறியாமலே பலதடவை அந்தப் பழியைச் சுமந்திருக்கிறா.

நான் கனடாவில இருந்து வந்திருக்கிறன். பன்ரண்டு வருசமா தம்பிக்கு மாசம் மாசம் அனுப்புறன். அவன் வேலைக்குப் போறதில்லை. நிப்பாட்டினால் அம்மா அழுவா. என்ன செய்ய?

இது ஒரு மருமகன் முறையானவர் வந்து வாங்கில் இருந்து கேட்டது. கோடை லீவுக்கு வந்திருந்தார். இரண்டு வேலை செய்கிறார், ஒன்று இரவில். தம்பிக்கு அது தெரியாது. தெரிந்தால் அம்மா கவலைப்படுவா என்று சொல்லவில்லையாம். அதாவது தம்பியின் கொப்பியில் அது "சும்மா வருகிற காசு" என்று எழுதப்படுவதற்கு அண்ணனும் ஒரு காரணம். இரண்டாவது கேள்விக்குச் சொன்னதைத் திரும்பிப் பாருங்கள்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை. அம்மாவுக்குரியதை அம்மாவின் பெயரில் தனியாக அனுப்பச் சொன்னேன். தம்பிக்கு மாதக் காசுக்குப் பதில் ஒரு தொகை, ஒரு தரம், ஒரு வேலைக்கு. பசுவோ, கடையோ, வெல்டிங் மெசினோ, அவன் கேட்கிற எதுவாகவும் இருக்கட்டும். மெசின் வாங்குவது கடைக்காரரின் கணக்குக்கு நேரே. இன்னொன்றும் சொன்னேன்: போக முதல் உங்கள் இரவு வேலையைப் பற்றித் தம்பியிடம் சொல்லுங்கள், சம்பளத் துண்டையும் காட்டுங்கள்.

காட்டினாராம். தம்பி கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு அங்க குளிரில்லையோ அண்ணா?" என்று மட்டும் கேட்டானாம். போன மாதம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனபோது அந்தத் தம்பியைக் கண்டேன். மரக்கறி ஏற்றுகிற லான்ட்மாஸ்ரர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தான். சொந்தமோ வாடகையோ, நான் கேட்கவில்லை.